மீதி மூன்று ரக்அத்

செப்டம்பர் 7, திங்கள். நாள் 209.

ஐந்து வேளைத் தொழுகையும் ஆயிற்று. விலக்கு நாட்களைக் கழித்தால், ஒரு வேளைகூடத் தவறாமல் இருநூற்று ஒன்பது நாள். நோட்டில் இந்த எண்ணைப் போடும்போது வருகிற நிம்மதி எனக்கு வேறு எதிலும் வருவதில்லை. முதலாம் ஆண்டில் பரீட்சை, தூக்கம், சோம்பல் என்று எத்தனை வேளையைக் கோட்டை விட்டேன்! இனி அந்தப் பேச்சே கிடையாது.

அவசரப் பிரிவில் நர்சிங் பயிற்சி இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காலையில் ஒரு கத்திக்குத்து. வயிற்றில் இரண்டு, தோளில் ஒன்று. தூக்கிக்கொண்டு வந்தவர் குத்துப்பட்டவனின் அண்ணன். பெரிய மீசை, லாரியில் மூட்டை ஏற்றுகிற உடம்பு. வெளியே நில்லுங்கள் என்றதும் கதவை ஓங்கி உதைத்தார், கண்ணாடி நொறுங்கியது. உள்ளே நான் தம்பியின் வயிற்றை ஈரத்துணியால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். துணிக்கு அடியில் குடல் சூடாக நெளிந்தது. என் கை நடுங்கவில்லை.

மத்தியானம் ஒரு குடிகாரன் என் மணிக்கட்டைப் பிடித்தான். யோசிக்கவே இல்லை, பளாரென்று விட்டேன். "ஹஜ்ரத்தம்மா கை வெச்சா ஒரு வாரம் வீங்கும்டி" என்று கூடப்படிக்கிறவர்கள் சிரித்தார்கள். வாப்பாவின் கை எனக்கு வந்திருக்கிறது. வாய் திறப்பதற்குள் கை முந்திக்கொள்ளும்.

செப்டம்பர் 8, செவ்வாய். நாள் 210.

மத்தியானத் தொழுகையான லுஹருக்கு நிற்கும்போது வார்டு ஆயா ஈரத் துடைப்பத்தோடு குறுக்கே போனாள். வேண்டுமென்றேதான்.

செப்டம்பர் 9, புதன். நாள் 211.

இன்றும் அதேதான். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கென்று இருப்பது ஓர் ஆள் படுக்கிற அளவு இடம்: மூன்றாம் மாடியிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும் படிகளின் உச்சியில், கால் உடைந்த கட்டில்களுக்கு நடுவே. சாப்பாட்டு இடைவேளையில் அங்கே விரிப்பைப் போட்டுத் தொழுகிறேன். ஆயாவோ துடைப்பம் காயப்போட மாடிக்குப் போவாள், என் நெற்றிக்கு முன்னால் நடந்துதான் திரும்பி இறங்குவாள். அழுக்குத் தண்ணீர் விரிப்பில் சொட்டியது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "தொழும்போது குறுக்க வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஏன், உங்க சாமி கோவிச்சுக்குமா? நீங்கல்லாம் அசிங்கம் பண்ணி வைக்கிறதை அள்ளிட்டுப் போறவ எந்த வழியா போறதாம்? பறந்தா போறது?"

நாற்பத்தைந்து வயது, வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கிறது. வார்டில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும், எனக்கு மட்டும் ஆகாது. தொழுகிறவர் குறுக்கே வருபவரைக் கையால் தடுக்கலாம். சின்ன வயதில் மதரஸாவுக்கு ஓதப் போன காலத்தில் படித்த சட்டம். நாளைக்குத் தடுக்கப் போகிறேன்.

செப்டம்பர் 10, வியாழன். நாள் 212.

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே நான் இதை வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

லுஹருக்கு நான்கு ரக்அத், நான்கு சுற்று. முதல் ரக்அத் முடிந்து இரண்டாவதற்கு எழுந்து நின்றிருந்தேன். மாடிக் கதவு கிறீச்சிட்டது. வாளியின் கைப்பிடிச் சத்தம். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. ரப்பர் செருப்பு விரிப்பின் முனையில் மிதித்தது, கறுப்புத் தண்ணீர் தெறித்தது. கட்டியிருந்த வலது கையை எடுத்தேன்.

தடுக்கவில்லை. தள்ளினேன். முழு பலத்தோடு, விலாவில். தள்ளும்போது இனித்தது. ஆமாம், இனித்தது.

வாளி முதலில் போனது. அப்புறம் அவள். பதினொரு படி. சதை விழுகிற சத்தம் ஒன்று, எலும்பு விழுகிற சத்தம் வேறு, இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டும் கேட்டது.

"சிஸ்டர்..." என்றாள். அப்புறம் இன்னும் மெதுவாக, "சிஸ்டர், பிடிங்களேன்..."

நான் ஓதிக்கொண்டிருந்தேன்.

ஏன்? பயமா? பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அந்த எண்தான், இருநூற்றுப் பன்னிரண்டு. முறிக்கக் கூடாது, முறிக்கக் கூடாது. திரும்பவும் தொழுதிருக்கலாமே, முட்டாளே! நேரமா இல்லை? உயிர் போகும் என்றால் தொழுகையை முறிக்க வேண்டும். முறிக்கலாம் என்றுகூட இல்லை, முறிக்க வேண்டும். அதையும் அதே வகுப்பில்தானே சொல்லிக் கொடுத்தார்கள். தடுக்கலாம் என்பது மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது?

கீழேயிருந்து ஓர் ஆண் குரல், "மேல யாராச்சும் இருக்கீங்களா? யாராச்சும் வாங்களேன்!"

குனிந்து ருகூ. நெற்றி தரையில் பட சுஜூது. மீதி மூன்று ரக்அத்தையும் தொழுதேன். அவசரப்படக்கூட இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும். மூச்சு நின்றால் மூளைக்கு எத்தனை நிமிடம் என்று போன வாரம் வகுப்பில் கேட்டபோது எழுந்து நின்று பதில் சொன்னவள் நான்.

இறங்கிப் போனபோது குத்துப்பட்டவனின் அண்ணன், அந்த மீசைக்காரர், படியில் உட்கார்ந்து ஆயாவின் தலையைத் தொடையில் தாங்கி, தன் சட்டையைக் கழற்றி மண்டையில் அழுத்திக்கொண்டிருந்தார். பனியனெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "வந்துட்டீங்களா சிஸ்டர். பாருங்க சிஸ்டர்." நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் வார்டு ஆட்களும் வாட்ச்மேன்களும் ஓடி வந்தார்கள். காலையில்தான் அவர் ஆயாவோடு சண்டை போட்டு, தரை துடைக்கிற வாளியை உதைத்திருந்தார். எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"இவன்தான்! காலையிலேயே மல்லுக்கு நின்னான்!"

அவர் வாயைத் திறக்குமுன் முகத்தில் உதை விழுந்தது. ஒருவர் டார்ச் லைட்டால் அடித்தார். ஒரு பல் என் முழங்கால் பக்கம் வந்து விழுந்தது, வேரோடு. என் இரண்டு கையும் ஆயாவின் கழுத்தில் இருந்தது. வாய் சும்மாதான் இருந்தது.

செப்டம்பர் 11, வெள்ளி. நாள் 213.

மேட்ரன் கூப்பிட்டு விசாரித்தார். "நீ மேலதானே இருந்தே? ஏதாவது பார்த்தியா?"

"நான் தொழுதுட்டு இருந்தேன் மேடம்."

"பாவம், அந்த நேரத்துல உனக்கு என்ன தெரியும். பயப்படாதே, உன்னை இதுல இழுக்க மாட்டேன்."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆயாவுக்கு மண்டையோட்டில் விரிசல், இடுப்பெலும்பு முறிவு. இன்னும் கண் திறக்கவில்லை. மீசைக்காரர் போலீஸ் காவலில்.

செப்டம்பர் 12, சனி. நாள் 214.

சுஜூதில் நெற்றியை வைத்தால் அந்தச் சத்தம். இரண்டாவது சத்தம்.

செப்டம்பர் 13, ஞாயிறு. நாள் 215.

மீசைக்காரரின் தம்பிக்கு வயிற்றுக் காயம் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பஞ்சை எடுக்கும்போது ஒட்டிப் பிடித்து இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "சிஸ்டர், அண்ணனை உள்ள வெச்சு அடிக்கிறாங்களாம். நெசமா?"

"தெரியாது."

"அவன் கதவை ஒடைப்பான், கண்ணாடியை ஒடைப்பான். பொம்பளை மேல கை வைக்க மாட்டான் சிஸ்டர். நீங்க படிச்சவங்க, சொன்னா கேப்பாங்க. நீங்க யார்கிட்டயாவது சொல்லுங்களேன்."

பஞ்சை மாற்றினேன். வழக்கத்தைவிட அழுத்தி ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது, கத்தினான். யார் மேல் கோபம் எனக்கு? இவன் மேலா?

செப்டம்பர் 14, திங்கள்.

உம்மா போனில், "தொழுறியாம்மா?" என்றார். தொழுகிறேன் என்றேன். "மாஷா அல்லாஹ், உன்னை நெனச்சா வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு" என்றார். பாத்ரூமில் போய் என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன், நான்கைந்து தடவை. பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டினாள். கொசு என்றேன்.

இன்று எண் போடவில்லை. தொழுதேன். போட முடியவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்.

ஆயா கண் திறந்துவிட்டார். பேசுகிறார். விழுந்தது எதுவும் நினைவில் இல்லையாம். வாளியைத் தூக்கியது தெரியும், அப்புறம் இந்தக் கட்டில்தானாம்.

"அந்த மீசைக்காரன்தான் தள்ளினான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப அப்படித்தான் இருக்கும். நாளைக்குப் பத்து மணிக்கு போலீஸ் பேப்பர் கொண்டு வராங்க, கையெழுத்துப் போட."

அவருக்கே தெரியாது. யாருக்குமே தெரியாது. பத்து மணி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அப்புறம் என்றைக்குமே தெரியாது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "என்ன தொழுகைக்காரி, மூஞ்சி செத்துக் கெடக்கு? சாப்பிட்டியா?" என்றார்.

அதைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "நான்தான் தள்ளினேன். நீங்க கூப்பிட்டீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் முடிச்சுட்டுத்தான் வந்தேன்."

தையல் கடைக்குப் போகிற அவர் மகள் பக்கத்தில் நின்று டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். திறந்தபடியே என் முகத்தில் அடித்தாள். சோறு, எவர்சில்வர் விளிம்பு, ரத்தம். மறுபடி அடித்தாள். தலைமுடியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினாள். என் கை மேலே எழும்பவில்லை. முதல் தடவையாக எழும்பவில்லை. புருவத்தில் நான்கு தையல்.

ஆயா கத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "ரெண்டு தடவையா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 16, புதன்.

போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். மீசைக்காரரைக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு கண் திறக்கவே இல்லை, முன்பல் இரண்டு இல்லை, விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கத்தினேனே. மேல யாராச்சும் இருக்கீங்களான்னு கத்தினேனே. நீதான் இருந்தியா?"

"ஆமாண்ணே."

நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ஒரு கால் உடைந்து என் காலடியில் விழுந்தது. என்மேல் எறிவார் என்று நின்றேன். எறியவில்லை. "அண்ணன்னு கூப்பிடாத" என்றார்.

செப்டம்பர் 19, சனி.

கல்லூரியில் ஒரு வருடம் விலக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் சேர்ப்பார்களா என்பது அப்புறமாம். வழக்கு என்ன ஆகும் என்று ஆயாவிடம்தான் போய் நின்றேன்.

"உன்மேல கேஸ் குடுத்து எனக்கென்ன ஆகப்போகுது? இடுப்பு சேர ஆறு மாசமாம். பதினேழு வருஷமா உங்க எல்லாருக்கும் பெட்பேன் எடுத்தேன். இனிமே எனக்கு நீ எடு. மக வேலைக்குப் போனா வீட்ல ஆளில்ல."

மகள், "இவளையா வீட்டுக்குள்ள விடுற?" என்று எழுந்தாள். ஆயா கையைக் காட்டி உட்கார வைத்தார். வாப்பா ஊருக்குக் கூட்டிப் போக பெட்டியோடு வாசலில் நின்றார். வரவில்லை என்று சொன்னேன். பெட்டியைத் தரையில் வீசினார், பூட்டு தெறித்தது. அப்புறம் அவரே குனிந்து துணிகளைப் பொறுக்கி அடுக்கினார்.

நவம்பர் 12, வியாழன்.

காலையில் மருந்துக்கடை வேலை, பதினொன்றுக்கெல்லாம் ஆயாம்மா வீடு. உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டேன். புண் ஆறி வருகிறது. மகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை, ஆனால் இன்று சோற்றை இரண்டு தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

லுஹர் இப்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்தான். இரண்டாவது ரக்அத்தில் இருந்தேன். "ஏய்" என்றார். முறித்துவிட்டுத் திரும்பினேன். பெட்பேன். எடுத்து, கழுவி, கை, முகம், கால் கழுவி மறுபடி ஒளு செய்து வந்து நின்றேன். கை கட்டியதும், "ஏய், தண்ணி." கொடுத்துவிட்டு மறுபடி நின்றேன். மூன்றாவது ரக்அத் வரை வந்துவிட்டேன்.

"சிஸ்டர்..."

மெதுவாகத்தான் கூப்பிட்டார். அன்றைக்குக் கூப்பிட்ட அதே மாதிரி. விரிப்பு தடுக்கி முழங்காலில் விழுந்து, எழுந்து கட்டிலுக்குப் பாய்ந்தேன்.

"என்னம்மா? என்ன ஆச்சு? எங்க வலிக்குது?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வர்றியான்னு பார்த்தேன்."

அவர் முகத்தில் சிரிப்பில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வேளையான அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. விரிப்பை நேராக்கி, முதல் ரக்அத்திலிருந்து ஆரம்பித்தேன்.