வலது பக்கக் கதவு

ஒபிஹிரோ
மே 9, 2004

அன்பு மிட்சுயோவுக்கு,

இங்கே வடகோடியில் இப்போதுதான் செர்ரி பூக்கிறது. அங்கே யாய்சுவில் தேயிலைக் கொழுந்து பறித்து முடித்திருப்பார்கள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் பேசினாலே சண்டையில் முடிகிறது, இனி எழுதுங்கள் என்று நீ சொன்னபடி எழுதுகிறேன்.

பால் கறக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று பண்ணைக்காரர்கள் விடிவதற்குள் கூப்பிட்டுவிடுகிறார்கள். மற்றபடி குறையில்லை. கம்பெனி சொன்னபடி வரும் மார்ச்சில் வீடு திரும்பிவிடுவேன்.

வாசலில் நிற்கும் நம் ஃபேர்லேடி காரைப் பற்றிச் சில விஷயங்கள். ஞாயிறுதோறும் எஞ்சினைக் கையால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பிஸ்டன் இறுகிவிடும். பெரிய ஸ்பேனர் செருப்பு அலமாரியில் இருக்கிறது. கடிகாரம் சுற்றும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும், மறந்தும் எதிர்ப்பக்கம் சுற்றிவிடாதே. கடல் காற்று அடிக்கும் நாளில் உறையை எடுக்காதே. வலது பக்கக் கதவை அழுத்திச் சாத்தாதே, அதன் அடிப்பாகம் துருவை நம்பித்தான் நிற்கிறது. கழற்றிய டாஷ்போர்டை மெத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன், அதன் மேல் மெத்தையை அடுக்கிவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
யசுனோரி

•

யாய்சு
மே 23, 2004

அன்புள்ள கணவருக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. உங்கள் கடிதத்தில் என் முழங்காலுக்கு ஒரு வரி, வண்டிக்கு ஒன்றரைப் பக்கம். பரவாயில்லை, முழங்காலை நினைத்தீர்களே, அதுவே பெரிது.

முப்பது வருடத்துக்கு முந்தைய வண்டியை வாங்கிப் பதினோரு வருடமாக நம் வாசலில் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு இடம் விட்டு, என் சின்ன வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்துகிறேன். பூசாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உங்க வீட்டு மகாராணி இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்கிறார். உறவினர் வந்தால் போட ஒரு மெத்தை இல்லை. மெத்தைக்குரிய இடத்தில் டாஷ்போர்டு படுத்திருக்கிறது, மெத்தையெல்லாம் என் தையல் அறையில்.

ஆனாலும் சுற்றினேன். வேலை செய்யும் மீன் கடையில் கருவாட்டுச் சூரை சீவிவிட்டு வந்த கையோடு ஸ்பேனரைப் பிடித்தேன். முதலில் அசையவே இல்லை, தொங்கினேன். பிறகு பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தத்தோடு சுற்றியது. உங்களைவிட அது சீக்கிரம் பதில் சொல்கிறது.

ஆகஸ்ட்டில் ஓபோனுக்கு, இறந்தவர்கள் வீடு வரும் பண்டிகைக்கு, வருவீர்கள் அல்லவா? உங்கள் அப்பா அம்மாவுக்கு விளக்கேற்ற வேண்டும்.

மிட்சுயோ

•

ஒபிஹிரோ
ஜூலை 25, 2004

அன்பு மிட்சுயோவுக்கு,

இங்கே உருளைக்கிழங்கு பூத்துக் கிடக்கிறது. கோபப்படாதே, ஓபோனுக்கு வர முடியாது போலிருக்கிறது. மாடுகளுக்குப் பண்டிகை தெரியாது.

ஆனால் ஒரு நல்ல செய்தி. கதவுப் பிரச்சினை தீர்ந்தது! நோனாக்கா என்ற விவசாயியின் கொட்டகையில் இயந்திரம் பழுது பார்க்கப் போனபோது, வைக்கோலுக்குப் பின்னால் ஒரு ஃபேர்லேடி நிற்கிறது. நம் வண்டியின் அதே வருடம். கதவை மட்டும் கேட்டேன். அவர், "கதவு மட்டும் எதுக்குங்க? முழுசா ஓட்டிட்டுப் போங்க. எனக்கு அந்த எடம் கிழங்கு கொட்ட வேணும்" என்று சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

பயப்படாதே, அது உதிரி வண்டிதான். வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவேன். வலது கதவு நம் மகாராணிக்கு.

யசுனோரி

•

யாய்சு
ஆகஸ்ட் 17, 2004

அன்புள்ள கணவருக்கு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் அப்பா அம்மாவுக்கு நான் ஒருத்தியே விளக்கேற்றினேன். "மகன் எங்கே?" என்று அவர்கள் கேட்டிருந்தால், கதவு வாங்கப் போய் வண்டியோடு நிற்கிறார் என்று சொல்லியிருப்பேன். அவர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் பழைய வண்டிச் சங்கத்துப் பல் டாக்டர் வகமட்சு வந்தார். கார்புரேட்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது ஒண்ணுமில்ல, பல்லுல ஊத்தை மாதிரிதான். சுரண்டினா போயிரும். வாயத் திறக்கச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல" என்றார். இரண்டு கார்புரேட்டர்களையும் தன் ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போயிருக்கிறார். நோயாளிகள் என்ன நினைப்பார்களோ!

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. நேற்று உறையை விலக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் இதுதான் முதல் முறை. நீங்கள் ஏன் சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்க மாட்டேன் என்கிறீர்கள் என்பது கொஞ்சம் புரிந்தது. முழுதாகப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச்சில் வந்துவிடுவீர்கள் என்று நம்பி நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

மிட்சுயோ

•

ஒபிஹிரோ
அக்டோபர் 24, 2004

அன்பு மிட்சுயோவுக்கு,

மலை உச்சியில் வெண்மை தெரிகிறது. நலமா?

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆகஸ்ட்டில் நோனாக்காவின் வண்டியைக் கழற்றத்தான் கொட்டகைக்குப் போனேன். கழுவிப் பார்த்தால், துருவே இல்லை! பனிக்காலத்தில் ஒரு நாள்கூட வெளியே எடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். தரைத் தகடு தட்டினால் மணி போல ஒலிக்கிறது. இதைப் போய் எப்படி அறுப்பேன்? நம்முடையதைவிட இது எவ்வளவோ மேல். கொஞ்சம் யோசித்துப் பார், எதை எதற்கு உதிரியாக்குவது நியாயம்?

ஆகவே ஓர் உதவி. இந்த வண்டியில் எஞ்சினின் மேல்மூடி விரிசல் விட்டிருக்கிறது, டாஷ்போர்டு வெடித்திருக்கிறது. நம் வண்டியின் மேல்மூடியை வகமட்சு கழற்றித் தருவார், டாஷ்போர்டு அலமாரியிலேயே இருக்கிறது. நன்றாகச் சுற்றி அனுப்பிவிடு. மிச்சத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டால் வாசல் காலியாகிவிடும், உன் வண்டியை அங்கே நிறுத்திக்கொள்ளலாம். நீ கேட்டதும் அதுதானே!

கம்பெனி இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறது. மறுக்க முடியவில்லை.

யசுனோரி

•

யாய்சு
நவம்பர் 6, 2004

யசுனோரி அவர்களுக்கு,

பருவம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட்டிலிருந்து ஞாயிறுதோறும் வகமட்சுவும் சங்கத்து ஆட்களும் நம் வாசலில்தான். நான் சோறு உருட்டிக் கொடுத்தேன், துரு தேய்த்தேன், டாஷ்போர்டை மெத்தை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினேன். சென்ற மாதம் மூன்றாம் ஞாயிறு எஞ்சின் ஓடியது. பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். உங்களுக்குச் சொல்லவில்லை. மார்ச்சில் நீங்கள் ரயிலை விட்டு இறங்கும்போது நிலைய வாசலில் அது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் ஒரு முட்டாள்.

அதற்கு நம்பர் வாங்க உங்கள் முகவரிச் சான்று வேண்டும் என்று நகர அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அவரு ஆகஸ்ட்லயே ஊர் மாத்தி எழுதிட்டாரேம்மா. இப்ப குடும்பத் தலைவர் நீங்கதான்" என்றாள். எதற்காக மாற்றினீர்கள் என்பது வீடு வந்து சேர்வதற்குள் புரிந்துவிட்டது. வண்டி நிறுத்த இடம் உண்டு என்று போலீஸ் சான்று கொடுத்தால்தானே நம்பர் கிடைக்கும்? அந்த இடமும் வீட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். யாய்சுவில் குடியிருப்பவருக்கு ஒபிஹிரோ கொட்டகையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் உங்கள் குடியிருப்பையே அங்கே மாற்றிவிட்டீர்கள். வண்டிக்கு இடம் தேடி வீட்டை மாற்றிக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதைவிட ஒரு படி மேல், வகமட்சு வாய் தவறிச் சொன்னது. "கம்பெனி எங்க அண்ணி சொல்லுச்சு? அவன்தான் இன்னும் ஒரு வருஷம் வேணும்னு எழுதிக் கொடுத்தான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எதை எதற்கு உதிரியாக்குவது நியாயம் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே இருப்பது துருவில்லாதது, இங்கே இருப்பது பழையது, உப்புக் காற்றில் நின்றது. அதனால் இங்கிருந்து கழற்றி அங்கே மாட்டிக்கொள்ளலாம், அப்படித்தானே? நீங்கள் வண்டியைத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். எனக்கு அது வண்டியாகக் கேட்கவில்லை.

இங்கிருந்து ஒரு திருகாணிகூட வராது. வண்டியை என் பெயருக்கு மாற்றும் தாளை இதோடு அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துக்குப் பதிலாக உங்கள் முத்திரையைக் குத்தி அனுப்புங்கள். ஊர் மாறியதால் இங்கே நகர அலுவலகத்தில் பதிந்திருந்த முத்திரை செல்லாதாம், அங்கே புதிதாகப் பதிந்து குத்துங்கள்.

மிட்சுயோ

•

ஒபிஹிரோ
பிப்ரவரி 13, 2005

மிட்சுயோவுக்கு,

எத்தனையோ முறை எழுதிக் கிழித்தேன். குளிரில் பேனா மை உறைந்துவிட்டது என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். நீ நம்ப மாட்டாய்.

நம்பருக்காகத்தான் முகவரியை மாற்றினேன். அது உன்னைத் தனியாக ஒரு குடும்பமாக்கிவிடும் என்று நினைக்கவில்லை. வண்டி என்று வந்தால் நான் எதையுமே நினைப்பதில்லை, அதுதான் என் கேடு. ஒரு வருடம் கேட்டு வாங்கியதும் உண்மை. அதைக் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் கத்தினார்.

தாளில் முத்திரை குத்தியிருக்கிறேன். தனியாக ஒரு பெரிய பொட்டலம் வருகிறது. நோனாக்கா உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றிக் கட்டினார். வலது பக்கக் கதவு. கீலைக் கழற்ற மனமே வரவில்லை, அவ்வளவு நல்ல கதவு. "ஏங்க, நல்லா இருந்த வண்டிய இப்படி மொண்டியாக்கிட்டீங்களே!" என்று அவரே வருத்தப்பட்டார். மீதி வண்டி மறுபடி வைக்கோலுக்குப் பின்னால் போய்விட்டது. உனக்கு வேறு என்ன வேண்டுமோ அதிலிருந்து கழற்றி அனுப்புகிறேன்.

மார்ச் 31 அன்று வரலாமா?

யசுனோரி

•

யாய்சு
மார்ச் 13, 2005

அன்புள்ள என்னவருக்கு,

ஆற்றங்கரையில் செர்ரி மொட்டு விட்டிருக்கிறது. கடலில் சூரை வரத் தொடங்கிவிட்டது. என் முழங்கால், நீங்கள் இந்த முறை கேட்க மறந்தாலும், தேவலை.

கதவு வந்து சேர்ந்தது. சாக்கின் அடியில் நாலு உருளைக்கிழங்கும் இருந்தன. அவித்துச் சாப்பிட்டேன், அருமை. வகமட்சு கதவை மாட்டிவிட்டு, "பொய்ப்பல் வச்ச மாதிரி தனியாத் தெரியுதே அண்ணி, நம்ம வெள்ளையையே அடிச்சிரலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். வெள்ளை வண்டியில் ஆரஞ்சுக் கதவு. அப்படியே இருக்கட்டும், பார்க்கிற நேரமெல்லாம் உங்களுக்கு உறுத்த வேண்டும்.

அரசாங்கச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. நிறுத்தும் இடத்தை அளக்க வந்த போலீஸ்காரர் வண்டிக்குச் சொந்தக்காரர் என்று என் பெயரைப் படித்து என்னை மேலும் கீழும் பார்த்தார். கடையின் மீன் லாரியை ஓட்டிப் பழகிய கைக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. துறைமுகச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வாய்விட்டுக் கத்தினேன். நல்லவேளை, யாரும் இல்லை.

வரலாமா என்று கேட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் மார்ச் 31-க்குள் தீர்ந்துவிடாது. அதை வீட்டில் வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஒபிஹிரோவில் எழுதிய முகவரியை அங்கேயே அழித்து, அந்தத் தாளை மறக்காமல் கையில் கொண்டு வாருங்கள். நிலையத்திலிருந்து நேராக நகர அலுவலகம், அப்புறம்தான் சாப்பாடு. குடும்பத் தலைவர் நான்தான், என் வீட்டில் யாரைச் சேர்ப்பது என்று நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

நிலைய வாசலில் வண்டியோடு நிற்பேன். பழக்க தோஷத்தில் வலது பக்கம் போகாதீர்கள். அந்தக் கதவு உங்களுடையது, இருக்கை என்னுடையது. சுற்றி வந்து இடது பக்கம் ஏறுங்கள்.

மிட்சுயோ