கன்டீனாவுக்குப் பேச வருகிறார்களாம்

மார்ச் 4, செவ்வாய்

மெக்சிக்கோக்காரரின் குடிவகையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் இன்று பதினொரு மணிவரை நினைத்திருந்தேன். ஆர்ச்வே ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற கன்டீனாவில் கிளாஸ் கழுவுகிற எனக்கு இன்று நாலாவது நாள். கன்டீனா என்றால் அவர்கள் பாஷையில் குடிக்கவும் கொறிக்கவும் ஒரு கடை. பார் மேசையில் பன்னிரண்டு கிளாஸ் நின்றது, விளிம்பெல்லாம் வெள்ளை ஊத்தை. யாரோ அரைகுறையாய்க் கழுவியிருக்கிறான் என்று அத்தனையையும் சுடுதண்ணீரில் போட்டுப் பளிங்காக்கி வைத்தேன். முதலாளியம்மா ரொசாரியோ வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தபடி நின்றார். அது உப்பாம். மாகரீட்டா என்கிற குடிவகைக்கென்று அந்த மனுசியே ஒட்டிவைத்த உப்பாம். குடிக்கிறவனுக்கு உப்பு எதற்கு? கேட்டேன், விளக்கினார், விளங்கவில்லை.

ஜெர்மனியில் ஐந்நூறு பேருக்குச் சமைத்தவன் நான். சரி, ஐம்பது. சமைத்தவனுக்குப் பக்கத்தில் நின்றவன்.

மார்ச் 7, வெள்ளி

முருகன் கோயிலில் ஊர்க்காரர் பரமேஸ்வரன் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணை, மெக்சிக்கன் கடையில நிக்கிறியளாம்?"

"நிக்கிறதோ? என்ரை கை படாமல் அங்க ஒரு கிளாசும் மேசைக்குப் போகாது" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"அப்ப பங்காளியோ?"

"அப்பிடியும் சொல்லலாம்."

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் இந்தியக்காரர் காது கொடுத்தபடி நின்றார். அவருக்காக இன்னும் கொஞ்சம் உரத்து, மெனு முழுக்க நான் போட்டதென்றும் சொல்லிவைத்தேன். ஏன் சொன்னேன்? வாய் போனது, நான் பின்னால் போனேன்.

மார்ச் 13, வியாழன்

நவநீத் போன் எடுத்தான். என் மகள் கோசிகா மூன்று வருடமாக விரும்புகிற பிள்ளை, சென்னைக்காரன். தாய் தகப்பன் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு நித்திரையில்லை.

"அங்கிள், அப்பா உங்ககிட்ட பேசணும்னு சொல்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்க ரெஸ்டாரன்ட்டுக்கே வர்றோம். உங்க போட்டோவை முன்னாடியே பார்த்திருக்கார், கோயில்ல நீங்க சொன்னதைக் கேட்டாராம்."

கண்ணாடிக்காரர்! அவர்தான் சேஷாத்ரி.

எங்களுக்குள் கதைப்பது வேறு, பேசுவது வேறு. வாத்தியார் என்னைப் பேசினார் என்றால் நல்ல ஏச்சு விழுந்தது என்று அர்த்தம். இந்தியக்காரர் சும்மா கதைப்பதையும் பேசுவது என்பார்கள், படத்தில் கேட்டிருக்கிறேன். கலியாணமும் பேசத்தான் செய்வார்கள். இது எந்தப் பேச்சு? புளுகு பிடிபட்டு என்னைப் பேச வருகிறாரா, பெண் பேச வருகிறாரா? பெடியனிடம் கேட்கவும் ஏலாது.

பக்கத்தில் நின்ற கோசிகா மெல்லக் கேட்டாள். "உங்கட ரெஸ்டாரன்ட்டோ? அப்பா, என்ன சொல்லி வைச்சிருக்கிறியள்?"

மார்ச் 15, சனி

கோசிகா இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. பேசவுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எழுதினால் தெளியுமா பார்ப்போம்.

ரொசாரியோ எனக்கு லீவும் ஜன்னலோர மேசையும் தந்தார். சேஷாத்ரி, மனைவி லலிதா, நவநீத், கோசிகா, நான். இந்தக் கடையில் எல்லாமே பகிர்ந்து தின்கிற சாமான். நடுவில் ஒரு கிண்ணம் அவக்காடோ மசியல், சுற்றிச் சோளச் சீவல், எல்லாக் கையும் அதற்குள்தான். சேஷாத்ரி தொடவில்லை. எச்சில் பார்க்கிறாரா, கோபமா?

ரொசாரியோ எங்களுக்கென்று புளிப்பான தேசிக்காய்ச் சாறு அனுப்பினார், விளிம்பில் உப்போடு. சேஷாத்ரி கிளாசைத் தூக்கி விளிம்பை உற்றுப் பார்த்தார். அவ்வளவுதான் — என் கை தானாகப் போய் அதைப் பறித்தது, கால் தானாகக் கழுவுகிற தொட்டிக்கு நடந்தது. பாதி வழியில்தான் நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் முதலாளி இல்லை ஐயா. இஞ்ச கிளாஸ் கழுவிறன். இனிப் பேசுங்கோ."

"பேசத்தானே வந்தோம். நீங்க உட்காருங்க சார்."

"நிண்டுகொண்டே கேக்கிறன். பேசுங்கோ."

கோசிகாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "அங்கிள், எங்கட தமிழில பேசுறதெண்டால் திட்டுறது. நீங்க திட்ட வந்திருக்கிறீங்கள் எண்டு அப்பா நினைச்சிட்டார்."

சேஷாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன ஓட்டல் விலைக்கு வாங்கவா வந்தேன்? பொண்ணு கேக்க வந்தேன் சார்." பிறகு, "ஆனா மெனுவே நான் போட்டதுன்னீங்களே, அது கொஞ்சம் ஓவர்."

இது எங்கள் பேச்சு. வாங்கிக்கொண்டேன்.

லலிதா சிரித்தபடி கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார். அவர் ஒரு சீவலை எடுத்து, நான் கடித்த சீவலைத் தோய்த்த அதே கிண்ணத்தில் தோய்த்தார். "காரம் பத்தலை" என்றார். அதுதான் சம்மதமா? எந்த இடத்தில் ஓம் என்று சொன்னார்கள்? கோசிகா அழுதாள், பிறகு என் தோளில் ஒன்று போட்டாள். எதற்கென்று கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் கோயிலில் பரமேஸ்வரனிடம் உண்மையைச் சொன்னேன், கிளாஸ் கழுவுகிறேன் என்று. "பெரிய முதலாளிமாருக்குத்தான் அண்ணை இந்த அடக்கம்" என்றார். நான் என்ன செய்ய?

மத்தியானம் வேலையில் நிற்க, நவநீத் போன் எடுத்தான். "மாமா, ஃப்ரீயா? கொஞ்சம் பேசணும்."

மாமா.

"பேசும் தம்பி, வேணுமான அளவுக்குப் பேசும்" என்றேன். பார் மேசையில் பன்னிரண்டு கிளாஸ், உப்போடு. ஒன்றையும் தொடவில்லை.