கச்சான் காற்றின்மேல் போட்ட பழி

லிங்கநகர்,
திருகோணமலை.
25.05.2025

அன்பு மகள் லக்சாயினிக்கு,

அப்பா எழுதுகிறேன். கோணேசர் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் சுகம். சுகம் என்று எழுதலாமோ என்று அம்மாவின் முழங்காலைக் கேட்டேன், படி ஏறாத வரைக்கும் எழுதலாம் என்று அது சொல்லிவிட்டது. அந்த மழை ஊரில் நீயும் மருமகனும் சின்னவன் சாரங்கனும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நிற்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் இந்த மனிசனுக்கு ஏன் கடிதம் எழுதுகிற ஆசை வந்தது என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு சொல் சொன்னால் அம்மா பின்னுக்கு நின்று நாலு சொல் சொல்லுவாள். அதோடு சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு ஏலாது. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு ஆறுதலாக இருந்து வாசி.

ஆடி மாதம் பத்து நாளைக்கு வருகிறேன், ஆனால் தனியத்தான் வருகிறேன், சாரங்கனைக் கொண்டுவரவில்லை என்று போன கிழமை அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அதை எனக்கு உடனே சொல்லவில்லை. குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துத் துடைத்து வெங்காயம் வெட்டினாள், அன்றைய கறியில் பார்த்தால் வெங்காயமே இல்லை. நீ காரணம் சொல்லவில்லையாம். சொல்லத் தேவையில்லை பிள்ளை, எனக்குத் தெரியும். இரண்டு வருசத்துக்கு முதல் நீ அவனைக் கொண்டுவந்தபோது அவனுக்கு ஐந்து வயது. பேரனை நான் கையால் தொட்டது அந்த ஒரு தடவைதான். வந்து இறங்கிய அன்றே நீ என்னிடம், அப்பா, இவன் நிக்கிற மட்டும் குப்பை கொளுத்தாதீங்கோ என்று கேட்டாய். நானும் ஓமென்றேன். மூன்றாம் நாள் பின்னேரம், கிணற்றடிப் பக்கம் ஒரு சின்னக் குவியல்தானே, இதில் என்ன வரப்போகிறது என்று நெருப்பு வைத்தேன். பொழுதுபட முதல் பிள்ளைக்கு முட்டு இழுத்தது, மூச்சு எடுக்க ஏலாமல் தவித்தான். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது, இது கச்சான் காலம் டொக்டர், வெளிநாட்டுப் பிள்ளைக்கு இந்தச் சூட்டுக் காற்று ஒத்துவரவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். பயணத்தை ஒரு கிழமை முன்னுக்கு மாற்றி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நீ அன்றைக்கு என்னோடு சண்டை பிடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

முப்பத்தொரு வருசம் துறைமுகப் பங்களாக்களின் தோட்டங்களில் வேலை செய்தவன் நான். சனிக்கிழமைகளில் சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி உன்னை இருத்திக் கொண்டுபோவேன், ஞாபகமிருக்கும். வாகையும் வேம்பும் நிற்கிற அந்தப் பெரிய வளவுகளில் கச்சான் வீசத் தொடங்கினால் இலை கொட்டுகிற கொட்டு, முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பின்னுக்கு விழும். நீ குவியலுக்குள் பாய்ந்து ஒளிவாய், நான் காணாதவன் மாதிரித் தேடுவேன். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் நெருப்பு வைப்போம். உள்துறைமுகத்துத் தண்ணீருக்கு மேலே புகை படிந்து நிற்கும், அதற்குள் கப்பல்களின் வெளிச்சம் ஒவ்வொன்றாகப் பற்றும். உண்மையைச் சொன்னால் அந்த மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். வீட்டுக்கு வந்து இறங்கியதும் நீ என் சேட்டில் முகத்தைப் புதைத்து, அப்பான்ர மணம் என்பாய். அதைக் கேட்பதற்காகவே நான் உடுப்பு மாற்றாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு நம்முடைய வளவுக் குப்பையையும் புகை போட்டால் நுளம்பு கடிக்காது என்று கொளுத்திவிடுவேன். கொஞ்ச நேரத்தில் உனக்கு முட்டுத் தொடங்கும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கச்சானைத் திட்டுவோம். அம்மா கற்பூரவள்ளிச் சாறு பிழிவாள், காதைச் சுற்றித் துணி கட்டுவாள், ஐஸ்பழம் வாங்கித் தந்ததற்கு என்னைப் பேசுவாள். நான் காற்று வரக்கூடாது என்று யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டுவேன். புகை வீட்டுக்குள்ளே இருந்தது, நான் பூட்டியது வெளிக் காற்றுக்கு. இதை விளங்கிக்கொள்ள எனக்கு முப்பது வருசம் எடுத்தது.

விளங்கவைத்தது பக்கத்து வீட்டுக்கு வந்த சனூஸா. மூதூரில் பிறந்த பிள்ளை, இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், நஸ்ரின் என்று அப்போது ஐந்து வயதில் ஒரு மகள். நான் வேலையில் இருந்து இளைப்பாறிய பிறகு, என்னோடு தோட்டங்களில் வேலை செய்த இராசதுரையையும் சேர்த்துக்கொண்டு தோட்டப் பராமரிப்பு என்று போர்டு எழுதி லான்ட்மாஸ்டர் உழவு மிசினில் கட்டிக்கொண்டு திரிவது உனக்குத் தெரியும்தானே. உவர்மலை வீடுகள், நிலாவெளியில் இரண்டு ஹோட்டல், எல்லாருடைய குப்பையும் நம் வளவுக்குத்தான் வரும், பின்னேரத்தில் சாம்பலாகும். போன வருசம் ஆடியில் சனூஸா மதிலடிக்கு வந்து, அங்கிள், புள்ளைக்கு முட்டு, கொளுத்துறத்தை நிப்பாட்ட ஏலுமா என்று கேட்டார். நான் கச்சான் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கச்சான் விடிய இருந்து அடிக்குது அங்கிள், புள்ளைக்கு முட்டு வாறது நீங்க கொளுத்தின பொறகுதான் என்றார். கொப்பியில் ஒன்பது நாளின் நேரத்தையும் குறித்து வைத்திருந்தார், வாத்தியார் என்றால் சும்மாவா. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நான் குப்பை கொளுத்தத் தொடங்கியபோது பிறக்காத பிள்ளை எனக்குப் பாடம் எடுக்கிறதோ என்று நினைத்தேன். சரி, இரண்டு கிழமைக்கு ஒரு நெருப்புக் குச்சிகூடத் தட்டமாட்டேன், அப்போதும் உங்கள் பிள்ளைக்கு முட்டு வரும், வந்தால் அதற்குப் பிறகு இந்தக் கதை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நான் நெருப்பை நிறுத்தியது நல்ல மனதோடு இல்லை மகள். அவர் பிழை என்று காட்டத்தான் நிறுத்தினேன். அந்த இரண்டு கிழமையும் கச்சான் என் பக்கம் நின்று பேய்க்காற்றாக அடித்தது. நான் பின்னேரங்களில் மதிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் இருமல் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு இருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை இருமவேண்டும் என்று கிழவன் ஒருவன் காத்துக்கொண்டு இருந்தான், அது உன் அப்பா. அவள் இருமவில்லை. பதினொராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ அவள் முற்றத்தில் கயிறடித்துக்கொண்டு எண்ணினாள். ஐம்பது வரைக்கும் எண்ணினாள், நடுவில் ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. அப்போதுதான் நீ யன்னலைப் பிடித்துக்கொண்டு தோள் ஏறி ஏறி இறங்க நிற்கிற காட்சி எனக்கு வந்தது. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா என்ன என்று கேட்டாள். தலையிடி என்றேன். அடுத்த நாள் மதிலடிக்குப் போய் சனூஸாவிடம், நீங்கள் சொன்னதுதான் சரி பிள்ளை என்றேன்.

நெருப்பு நின்றது, குப்பை நிற்கவில்லை. இரண்டு கிழமைக்குள் கிணற்றடியில் என் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. இடம் மாற்றுவோம் என்று இராசதுரை நடுவில் கையை விட்டவன், அண்ணை, உள்ளுக்க கொதிக்குது, கை வைக்க ஏலாது என்று கத்தினான். கிளறிப் பார்த்தால் அடி கறுத்து, மண் மணம் மணந்தது. கூட்டெரு போடுவது எனக்குத் தெரியாத வேலை என்றில்லை, ஆனால் நெருப்புக் குச்சி கையில் இருக்கிறவனுக்கு ஆறு மாதம் காத்திருக்கப் பொறுமை எங்கே. பிறகு நாலு பலகைத் தொட்டி அடித்தோம். முதல் தொட்டியில் ஹோட்டல் புல்லை மட்டும் கொண்டுவந்து கொட்டினோம், அது அழுகி நாறி, உன் அம்மா ஒரு கிழமைக்கு எனக்குச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பச்சைப் புல்லுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்று அடுக்கின பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். தென்னோலையும் தடிகளும் லேசில் உக்காது, கப்பல்துறை ஊரில் ஒருவரிடம் வெட்டுகிற மிசின் இருக்கிறது, மாதத்தில் ஒரு நாள் கொண்டுவந்து துண்டாக்கி மரங்களின் அடியில் பரப்புகிறோம். வெட்டின பச்சைக் கொப்புகளை மட்டும் கேற்றுக்கு வெளியே போட்டால் ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து மிச்சம் வைக்காமல் தின்கின்றன. அதற்கு முதல் அதற்குள் கிடக்கிற பிளாஸ்ரிக் சொப்பிங் பைகளை ஒன்றும் விடாமல் நானே கையால் பொறுக்குகிறேன், அதுகள் அதையும் தின்றுவிட்டுச் செத்துப்போகும். உவர்மலையில் ஒரு பழைய ஐயா, நுளம்புக்கு ஆர் பதில் சொல்றது, எனக்குக் கொளுத்துற ஆள்தான் வேணும் என்று நம்மை நிறுத்திவிட்டார். அவரோடு நான் வாதாடவில்லை. போன வருசத்து என்னோடு நானே கதைத்த மாதிரி இருந்தது.

இதையெல்லாம் ஏன் ஒரு வருசமாக உனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் ஏன் நிறுத்தினேன் என்றும் சொல்லவேண்டும், அதைச் சொன்னால் உன் சின்ன வயதுக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவையும் வாய் திறக்க விடவில்லை. இப்போது அவள் வெங்காயம் வெட்டுகிறதைப் பார்த்த பிறகு என் வெட்கம் பெரிதாகத் தெரியவில்லை. சாரங்கனைக் கூட்டிக்கொண்டு வா என்று நான் கேட்கமாட்டேன், கேட்கிற உரிமையை அந்தக் கிணற்றடியில் நானே கொளுத்திவிட்டேன். ஒரு தடவை உனக்கு ஓமென்று சொல்லி ஏமாற்றினவன், என் சொல்லை நீ நம்பத் தேவையில்லை. அதனால் சனூஸாவின் போன் நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவரிடமும் சொல்லிவிட்டேன். அவரைக் கேள். அவர் எனக்காக ஒரு சொல் கூட்டிச் சொல்லுகிற ஆள் இல்லை. அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் தனியவே வா, வந்து வளவெல்லாம் சுற்றிப் பார், சாரங்கன் அடுத்த வருசம் வரட்டும், அதற்கும் அடுத்த வருசம் வரட்டும். அவன் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வளவில் இனி நெருப்பு எரியாது.

மகள், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் மூச்சுக்கு மட்டும் இல்லை, இன்னும் ஒன்றுக்கும் கேட்கவேண்டும். வாடைக் காலத்தில் நம் கடல் கொந்தளிக்கும், ஒருவரும் இறங்கமாட்டார்கள். கச்சான் காலத்தில்தான் அது தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கும், ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உப்புவெளியில் கிடந்து ஊறும். அந்தக் காற்றில் உனக்கு முட்டு வரும் என்று உன்னை மட்டும் நான் விடவில்லை. உன்னோடு படித்ததுகள் தலை நனைந்து, மணல் ஒட்டின காலோடு நம் வாசலால் போகும், நீ யன்னலுக்கு உள்ளே நின்று பார்ப்பாய். துறைமுகத்தில் வேலை செய்தவனின் மகளுக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. ஏழு வயதில் உன் மகன் அங்கே தடாகத்தில் நீந்துகிற வீடியோவை நீ அனுப்பினாய், அதில் நீ கரையில் உடுப்போடு நின்றாய். அதை நான் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

உனக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் கோணேசரும் பத்திரகாளி அம்மனும் நீண்ட ஆயுளும் நல்ல சுவாசமும் தரட்டும். வெறுங்காலோடு அந்தக் குளிர் நிலத்தில் திரியாதே, நேரத்துக்குச் சாப்பிடு, சாரங்கனின் மருந்தைப் பயணப் பையில் இல்லாமல் கைப்பையில் வை, அது தனியே வந்தாலும் அவனோடு வந்தாலும் பழகிக்கொள்ளவேண்டிய பழக்கம். ஒன்றை மறக்காதே. வரும்போது உனக்கு ஒரு நீச்சல் உடுப்பு வாங்கிக்கொண்டு வா. முப்பத்தாறு வயதில் என்ன நீச்சல் என்று சாட்டுச் சொல்லாதே. எனக்கு அறுபத்தெட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று உன்னை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க இன்னும் பலம் இருக்கிறது. நீ விடச் சொல்லுகிற வரைக்கும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. கதிரவேல்