விரலில் ஏறிய மான்

ராக்குவுக்கு,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல, ரூமில் கூட இருக்கும் அருள்முருகன் எழுதுகிறான். போனில் பேசினால் நீ கேள்வி கேட்பாய்.

ஒரு மாதமாக வெல்டிங் டூட்டி இல்லை, ஓய்வுதான். நேற்று இங்கே முசஃபாவில் ஒரு மளிகைக்கடையில் சில்லறையாகக் கால் திர்ஹம் ஒன்று தந்தார்கள். நான் சேர்ப்பேனே, மான் போட்ட காசு, அதுதான். பெருவிரலால் தடவினேன். கொம்பு, காது, வருஷத்தின் எண் எல்லாம் தனித்தனியாக விரலில் ஏறின. ஐம்பது வருஷம் கைமாறியும் தேயவில்லை.

“எழுபத்துமூணு, புதுசு மாதிரி” என்றேன்.

அருள்முருகன் லென்ஸில் பார்த்துவிட்டு, “ஆமாண்ணே, நல்ல விலை போகும்” என்றான்.

விற்க மாட்டேன். இத்தனை வருஷம் லென்ஸ் வைத்தும் அந்த மானை இப்படிப் பார்த்ததில்லை, ராக்கு.

அடுத்த மாதம் வருகிறேன். ஏர்போர்ட்டில் தூரத்தில் நின்று கையாட்டாதே. பக்கத்தில் வந்து கூப்பிடு.

உன் வீட்டுக்காரன்