கோர்தாவின் ஆழம்

மே 6
டெல்ராய் இன்று கோர்தாவின் முதுகில் ஆழம் அளந்து அனுப்பும் கருவியை ஒட்டிவிட்டான். காவீத்தா கரைக்கு முட்டையிட வரும் கட்டில் நீள ஆமை அவள். பொண்டாட்டி என் பேரைக்கூட அவன் இவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை. தகவலைப் படிக்கும் புரோகிராம் என் பொறுப்பு.

மே 11
முதல் தகவல். மூச்சுவிட அவள் மேலே வரும்போது கருவி அனுப்புவது வெறும் பைட்டுகள். முதல் பைட் பேட்டரி. பிறகு நாலு நாலாக ஆழம். சி மொழியில் எழுதிய என் புரோகிராம் அந்த நாலையும் அள்ளி ஒரு தசம எண்ணாக்கும். பேட்டரி 92. சரி. ஆழம் 0.0, 0.0, 0.0.

மே 12
இன்றும் 0.0. உயிருள்ள ஆமை முக்குளிக்காமல் மிதந்துகொண்டே இருக்குமா? அவனிடம் எப்படிச் சொல்வேன்?

மே 13
சொல்லிவிட்டேன். தேங்காய்ப்பால் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டான். "உடம்பயாச்சும் கொண்டு வரேன். சுறா திங்க விடமாட்டேன்."

கடல் கொந்தளிக்கிறது. மாமியார் மிஸ் வெர்னா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உன் பொட்டி பூஜ்யம் காட்டுதுன்னு எம்புள்ள சாகப் போணுமா? நீ சொன்னா கேப்பான்."

ஆமை விஷயத்திலா? சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

மே 14, காலை
படகுக்கு பெட்ரோல் வாங்கப் போயிருக்கிறான். எண்ணாக மாற்றாமல் பைட்டுகளை அப்படியே இப்போதுதான் பார்த்தேன். 41 48 00 00. ஆழம் நிஜமாகவே பூஜ்யமென்றால் நாலும் பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்? கருவி பெரிய பைட்டை முதலில் வைக்கிறது. என் கணினி அதைக் கடைசியில் தேடுகிறது. அப்படித் தலைகீழாகப் படித்தால் கிடைப்பது துளியூண்டு எண், திரையில் 0.0. வரிசையைத் திருப்பிப் படித்தேன் — 12.5. அடுத்தது 31. மடச்சி. பேட்டரி ஒற்றை பைட், திருப்ப ஒன்றுமில்லை. அது சரியாக வந்ததே என்று மிச்சத்தையும் நம்பித் தொலைத்தேன் —

அதே நாள், மத்தியானம்
செருப்புகூடப் போடாமல் படகுத்துறைக்கு ஓடினேன். படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தான்.

"இறங்கு டெல்ராய். அவ முக்குளிக்கிறா. நேத்துகூட அறுபது மீட்டர்."

"பூஜ்யம்னியே?"

"நான் தலைகீழா படிச்சுட்டேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். படகிலேயே உட்கார்ந்து, "எல்லாத்தையும் படி" என்றான். படித்தேன். "இன்னொரு தடவ." அழுதுகொண்டே சிரித்தான். எனக்கு அவன்மேல் அப்படியொரு ஆசை பொங்கியது.

மே 19
"செத்துப்போன கோர்தாவ எம்பொண்டாட்டி உசுரோட கொண்டாந்தா" என்று படகுத்துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவளைக் கொன்றதும் நான்தான் என்பதை அவன் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.