பத்துக்கு ஐந்து

இன்று காலை பேருந்தில் என்னை ஒட்டி நின்ற பெண் ஜவுளிக்கடைச் சீருடையில் இருந்தாள். புதுச் சேலையின் கஞ்சி வாசனை. உன் மேல் எப்போதும் இருந்த வாசனை அது. மருத்துவமனை வாசலில் இறங்கிய பிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை.

பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். முப்பது வருடம் கழித்து, நான் நர்ஸாக இருக்கும் சிறுநீர்ப் பிரிவுக்கு நீ நோயாளியாக வந்தாய். சமயநல்லூரிலிருந்து தினமும் வந்து, பகல் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டும் வேலை உனக்கு. திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது, அடக்க முடியவில்லை என்றாய். அவசரம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"அஞ்சு போட்டுக்கடி" என்று சிரித்தாய்.

எழுதினேன். அடுத்த நான்கு மாதமும் நீ வந்தபோதெல்லாம் அதே ஐந்துதான். ஐந்துக்கு யாரும் பதறுவதில்லை. தண்ணீரைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிடுவார்.

பிறகு ஒரு நாள், கல்யாணச் சேலை பார்க்க வந்த குடும்பத்தின் முன்னால், விரித்த பட்டைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாய். போய்ச் சேர முடியவில்லை. எல்லோர் எதிரிலும் மேற்பார்வையாளர் உன்னை வீட்டுக்கு அனுப்பினார். இனி டாக்டர் கடிதம் இல்லாமல் வரவேண்டாம் என்றார்.

அந்தச் சமயம்தான் எங்களிடம் புதிய கருவி வந்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, அவசரம் கூடக் கூடக் கையிலிருக்கும் குமிழைத் திருப்ப வேண்டும். சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே ஸ்கேன் காட்டும். பை ஒரு டம்ளர்கூட நிறையவில்லை, நீ குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டாய்.

"பாத்து, மெதுவாத் திருப்புடி" என்றேன்.

"நானா திருப்புறேன்? உள்ள இருக்கிறதுல்ல திருப்புது." உன் நெற்றியெல்லாம் வியர்வை.

மறுவாரமும் கருவி வரைந்த கோடு அதே இடத்தில் செங்குத்தாக ஏறியது. டாக்டர் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரை எழுதினார், கடைக்குக் கடிதமும் எழுதினார்.

"அப்புறம் ஏன்டி அஞ்சுன்னே சொன்ன?"

"பத்துன்னா பிரசவ வலின்னு நெனச்சேன். இது அம்புட்டு இல்லையேடி."

வேலைக்குத் திரும்பினாய். முழுதாகக் குணமாகவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இடையில எந்திரிக்காம ஒரு முழுப் படம் பாத்துட்டேன்டி" என்று கத்தினாய். போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. தினமும் பெண்கள் வருகிறார்கள், தினமும் குறைத்துச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அந்தக் கருவி கிடைப்பதில்லை. அதனால் பத்துக்கு எவ்வளவு என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். நேற்று கொட்டாம்பட்டியிலிருந்து வந்த தையல்காரியிடம், "மெஷின்ல இருந்து பாத்ரூம் எம்புட்டு தூரம்?" என்றேன்.

"அறுபத்திரெண்டு எட்டு வைக்கணும் மேடம்."

அவள் யோசிக்கவே இல்லை. உன்னிடமும் ஓர் எண் இருந்திருக்கும். நான் கேட்கவே இல்லை.