ஒட்டகத்துக்கு ஒரு நாள்

என் அத்தை மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாம் தினமும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குத்தாலம் போகிற மினி பஸ் நீங்கள் அடக்கமாகியிருக்கும் கபருஸ்தான் மதிலை ஒட்டித் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வாய்க்குள் சொல்வேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும். நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் பேசியதில் பாதியைக் காதில் வாங்கியதே இல்லை. நான் ஆரம்பித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்? முழுசாகக் கேளுங்கள்.

நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த பிறகு வயலை நானேதான் பார்க்கிறேன். குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று மகன் குவைத்திலிருந்து சொல்லிப் பார்த்தான். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் போன பிறகு வந்த முதல் சம்பா இது. நடவு, களை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மார்கழி கடைசியில்தான் ஆற்றில் தண்ணீர் குறைந்தது, அதுவும் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து. வழக்கம்போல வாய்க்காலுக்கு முறை வைத்தார்கள். ஒவ்வொரு பங்கு வயலுக்கும் ஒரு நாள் தண்ணீர். கடைசி நாள் ஒட்டக முறை.

இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் குழம்பிப் போவார்கள். எங்கள் ஊரில் ஒட்டகம் கிடையாது. நீங்களே ஒட்டகத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, நாகூரில். ஆனால் டீக்கடையில் சாலிஹ் நபியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், கூடவே வளர்ந்தவர் மாதிரி கழுத்தை நீட்டி, தாடையை அசைத்து, கண்ணை அரைவாசி மூடி, ஒட்டகமாகவே ஆகிவிடுவீர்கள். டீ ஆற்றுகிறவர் டீயை விட்டுவிட்டுச் சிரிப்பார். நான் ஒரு நாள் ரேஷன் பையோடு அந்தப் பக்கம் வந்து, அதைப் பார்த்துவிட்டு, உங்களைத் தெரியாதவள் மாதிரி வேகமாக நடந்து போனேன். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்குச் சிரிக்கிறேன் என்று கடைசிவரை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். பாறையைக் குடைந்து வீடு கட்டி, யாரும் எங்களை அசைக்க முடியாது என்று இருந்த மக்கள். அவர்களிடம் வந்த நபி சாலிஹ். அற்புதம் காட்டு என்று அவர்கள் கேட்க, அல்லாஹ் ஒரு பெண் ஒட்டகத்தை அனுப்புகிறான். ஒரே ஒரு நிபந்தனை: ஊர்த் தண்ணீர் ஒரு நாள் அதற்கு, ஒரு நாள் உங்களுக்கு. கொஞ்ச காலம் பொறுத்தார்கள். அப்புறம், ஒரு மிருகத்துக்கு எதற்கு ஒரு முழு நாள் என்று கணக்குப் பார்த்தார்கள். ஒருவன் போய் அதை வெட்டினான். அழிவு எல்லோருக்கும் வந்தது. இந்த இடத்தில் மட்டும் நீங்கள் நடிப்பை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில் சொல்வீர்கள்: "வெட்டுனது ஒருத்தன்தான். மத்தவங்க சும்மா இருந்தாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்சது."

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தானே கடைசி நாள் தண்ணீரை ஊர்க் குளத்துக்கு வாங்கினீர்கள். நிலமில்லாதவர்களுக்கு வாய்க்காலில் முறை இல்லை, ஆனால் அவர்களுடைய ஆடு மாடுகள் அந்தக் குளத்தை நம்பித்தான் இருக்கின்றன என்று. ஊரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டு, அதற்கு ஒட்டக முறை என்று பெயரும் வைத்துவிட்டது. ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர்கூட அப்படித்தான் சொல்கிறார். அவருக்கு ஏனென்றே தெரியாது.

இந்த வருஷம் ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டபோது ராஜேந்திரன் அண்ணன்தான் ஆரம்பித்தார். கெட்டவர் இல்லை, உங்கள் ஜனாஸாவைத் தூக்கத் தோள் கொடுத்தவர். அவர் வயலும் நம் வயலைப் போல வாய்க்கால் கடைசியில் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

"இந்த ஒரு வருசம் ஒட்டகம் பட்டினி கெடக்கட்டுங்க. பயிரு பால் புடிக்கிற நேரம். அந்த ஒரு நாளையும் கடைசி வயலுங்களுக்கு விட்டா நாம பொழச்சிக்குவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளே சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் இருந்தவரை வாய்க்கால் கைவிட்டாலும் நம் போர்க் கிணறு இருந்தது. இப்போது மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வருகிறது. அந்தக் கூடுதல் நாள் கிடைத்தால் நம் வயல் தப்பிக்கும். நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அப்போது யாரோ சொன்னார்கள், "பாயம்மாவே ஒண்ணும் சொல்லல. அப்பறம் என்ன?"

சும்மா இருந்தவர்கள் என்று நீங்கள் சொன்னவர்கள் எங்கேயோ பாறை வீட்டில் இருந்தவர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஒட்டக முறைய எடுக்கக் கூடாதுங்க," என்றேன்.

ராஜேந்திரன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்றது ஈசி பாயம்மா. அப்ப ஒங்க முறைய கொளத்துக்குக் குடுத்துடுங்க. ஒட்டக நாள நாங்க வயலுக்கு எடுத்துக்கறோம்."

"எடுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது தர்ம சிந்தனை இல்லை, வெறும் ரோஷம். வீட்டுக்கு வந்து உங்களைத்தான் திட்டினேன். கதை சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அதற்கு விலை கொடுப்பது நானா?

கொடுத்தேன். குளம் நிரம்பியது, நம் வயலில் பாதிக் கதிர் பதராகப் போயிற்று. மகன் போனில் கத்தினான். அத்தா இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா என்று கேட்டான். உங்களிடமே கேட்கிறேன். செய்திருப்பீர்களா?

அந்த ஒட்டகம் தன் நாளில் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டாலும் ஊருக்கே பால் கொடுக்கும் என்று சொல்வீர்களே. நிலமில்லாதவர்கள் இருக்கிற குளத்துத் தெருவிலிருந்து, மாடு வைத்திருக்கும் செல்வி ஒரு செம்புப் பாலோடு வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். செல்வி வந்தாள், ஆனால் பாலோடு இல்லை. சண்டைக்கு வந்தாள்.

"ஒங்க முறைய எதுக்குக்கா குடுத்தீங்க? நாங்க கேட்டமா? இப்ப ஒங்க பயிரு காஞ்சதுக்கு எங்க தெருதான் காரணம்னு ஊரே பேசுது. பாயம்மா போட்ட பிச்சையிலதான் எங்க மாடு தண்ணி குடிக்குதாம்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நன்றி சொல்வாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளை உட்கார வைத்து, முதல் தடவையாக அந்தக் கதையை அவளிடம் சொன்னேன். உங்களைப் போல நடிக்க வரவில்லை, தெரிந்த மாதிரி சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அது ஒட்டகத்தோட பங்குன்னு ஆண்டவரே சொல்லிட்டாருல்ல? அப்ப அத யாரு யாருக்குக் குடுக்கறது?"

எத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொன்னீர்கள், எத்தனை வருஷம் நான் கேட்டேன்! நம் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லையே. ஒட்டகத்துக்கு வாய் கிடையாது, அதனால் அதற்காக நபி பேசினார். செல்விக்கு வாய் இருக்கிறது. நீங்களும் நானும் அவளுக்காகப் பேசினோமே தவிர, ஒரு நாளும் அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருந்தபோதே அவள் இப்படிக் கேட்டிருந்தால், அவளைக் கூப்பிட என்னைவிட முன்னால் நீங்கள் ஓடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது குறுவைக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். போன வாரம் முறை வைக்கிற கூட்டத்துக்குச் செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றாள். அங்கே போனதும் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஜேந்திரன் அண்ணன் எரிச்சலில்லாமல்தான் கேட்டார், "ஒனக்கு நெலமே இல்லியேம்மா?"

"நெலம் இல்லீங்க. மாடு இருக்கு. கடைசி நாள் எங்களோடது," என்றாள் செல்வி.

அப்புறம் அண்ணன் லஸ்கர் பக்கம் திரும்பி, "கடைசி நாள் கொளத்துத் தெருவோட முறைப்பா. அதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் பார்க்கவில்லையே என்று இருந்தது.

ரமளானில் குர்ஆனைப் பொருளோடு ஓதிக்கொண்டிருந்தபோது, சாலிஹ் நபியின் கதையில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஓர் இடத்தைப் பார்த்தேன். எல்லாம் அழிந்த பிறகு அவர் அந்த ஊரை விட்டுத் திரும்புகிறார். திரும்பும்போது, இறந்து கிடக்கிற தம் மக்களிடம் பேசுகிறார். நான் எடுத்துச் சொன்னேனே, நல்லது சொல்கிறவர்களை உங்களுக்குப் பிடிக்கவில்லையே என்கிறார். ஒரு நபியே இறந்தவர்களிடம் பேசியிருக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு இதை எழுதத் துணிவு வந்தது.

செல்வி தன் நாற்காலியில் தானாக வந்து உட்காரும்வரை, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டுதான் போவேன். இன்ஷா அல்லாஹ், இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

சாலிஹ் நபி எவ்வளவு வேதனையோடு அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்று நினைத்து அழுதேன். எனக்கு அந்தக் கொடுமை இல்லை. உங்களிடம் சொல்ல எனக்கு வேறு செய்தி இருக்கிறது. நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் கேட்டோம்.

உங்கள் மாமன் மகள்,
பல்கீஸ்